மினியேச்சரில் தீயும் அதன் வெளிச்சமும்: புதிதாகத் தீட்டுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கையில் தீப்பந்தத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறான் ஒரு காவலன். ஆள் உயரம் மூன்று சென்டிமீட்டர்கூட இருக்காது. அவன் பந்தம் நிஜமாகவே எரிய வேண்டும், அந்த வெளிச்சம் அவன் கன்னத்திலும் தோளிலும் விழ வேண்டும். சின்னஞ்சிறு சிலைகளுக்கு வண்ணம் தீட்டும் மினியேச்சர் பெயிண்டிங்கில் புதிதாக இறங்கியவர்களுக்கு இது எட்டாத வித்தை மாதிரித் தெரியும். ஆனால் பேஸ்கோட் (அடிப்படை நிறப் பூச்சு), வாஷ் (பள்ளங்களில் தேங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம்), ஹைலைட் (மேடுகளில் வெளிர்நிறம்) மூன்றும் ஓரளவு கைவந்துவிட்டால் இதையும் செய்யலாம். காற்றால் வண்ணத்தைத் தெளிக்கும் ஏர்பிரஷ்கூடத் தேவையில்லை. தூரிகையைத் தொடும் முன் ஒரே ஒரு முடிவு மட்டும் எடுக்க வேண்டும்: இந்தச் சிலையில் எவ்வளவு இருட்டு இருக்கப்போகிறது?

இருட்டில் தொடங்கக் காரணம் இருக்கிறது. அக்ரிலிக் வண்ணம் எதுவும் தானாக ஒளிராது. நம்மிடம் உள்ளதிலேயே பிரகாசமானது வெள்ளை, அதற்கு மேல் போக வழியில்லை. ஆகவே தீ ஒளிர்கிறது என்று கண் நம்ப வேண்டுமானால், சுற்றியிருப்பதைத்தான் கீழே இறக்க வேண்டும். பட்டப்பகலில் நிற்பவனைப் போலப் பளிச்சென்று முழுச் சிலையையும் முடித்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் ஆரஞ்சு பூசினால் அது வெளிச்சமாகத் தெரியாது, கறையாகத்தான் தெரியும். உச்சி வெயிலில் ஏற்றிய பந்தத்தால் யார் முகமும் சிவப்பதில்லை அல்லவா? முதலில் இரவு வேண்டும். தீ அதற்குப் பிறகுதான்.

நிஜத் தீயைக் கொஞ்ச நேரம் பாருங்கள்

ஓர் அகல்விளக்கையோ மெழுகுவர்த்தியையோ ஏற்றி, அறை விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். எரியும் சுள்ளிக்கட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கே வெளுப்பாக இருக்கிறது, எங்கே சிவக்கிறது, எங்கே கறுத்து முடிகிறது என்று கவனியுங்கள்.

விறகு, எண்ணெய், மெழுகு எரியும்போது தீ மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணம் அதற்குள் மிதக்கும் நுண்ணிய கரித்துகள்கள். சூடேறும்போது அவை ஒளிர்கின்றன. நல்ல சூட்டில் வெளிர்மஞ்சள். சூடு இறங்க இறங்க ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு. முழுக்க ஆறிவிட்டால் வெறும் புகைக்கரி. மெழுகுவர்த்தியின் அடியில் தெரியும் மெல்லிய நீலம் வேறு வகை. அது கரித்துகளின் ஒளியல்ல, எரியும் வாயுவிலிருந்து நேராக வரும் ஒளி. 28 மி.மீ. சிலையில் இந்த நீலத்தை விட்டுவிடலாம். அந்த அளவில் அது யார் கண்ணுக்கும் தீயாகப் படாது.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். துணிக்கும் தோலுக்கும் வண்ணம் தீட்டும்போது நமக்குப் பழகிய வழக்கம் என்ன? பள்ளத்தில் இருட்டு, மேட்டில் வெளிச்சம், விளிம்பில் பளிச்சென்ற ஒரு கோடு. தீயில் இது அப்படியே தலைகீழ். தீயின் வயிறும் அடிப்பகுதியும் பள்ளங்களும் வெளுப்பு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்குகளும் அவற்றின் நுனிகளும்தான் சிவப்பு, கருஞ்சிவப்பு, கறுப்பு. வழக்கப்படி அடியில் சிவப்பு வைத்து நுனிக்கு மஞ்சள் கொடுத்தால் கிடைப்பது தீ அல்ல, சிவப்புப் பூ. கடைகளிலும் படங்களிலும் பார்க்கும் எத்தனையோ சிலைகளில் தீ சரியாக அமையாததற்கு இந்த ஒரு காரணம் போதும்.

பழைய ஓவியர்களிடமும் கொஞ்சம் பாடம் கேட்கலாம். பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் த லா தூர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தையே தன் பிழைப்பாகக் கொண்டவர். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ‘தச்சர் யோசேப்பு’ ஓவியத்தில் சிறுவன் இயேசு ஒரு கையால் சுடரை மறைத்துக்கொண்டு நிற்கிறான். விரல்களுக்குள் ஒளி ஊடுருவிச் செக்கச்செவேலென்று தெரிகிறது. அப்புறம் இங்கிலாந்தின் டெர்பி நகரத்து ஜோசப் ரைட். சூரியக் குடும்ப மாதிரியைச் சுற்றிக் கூடியிருப்பவர்களை 1766-ல் வரைந்தார். விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாது. நமக்கு முதுகு காட்டி இருக்கும் ஓர் உருவம் அதை மறைக்கிறது. அந்தக் கறுத்த உருவம் இருப்பதால்தான் எதிரே உள்ள முகங்கள் அப்படி ஒளிர்கின்றன. அந்த ஓவியம் இன்றும் டெர்பி அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. வார்ஹேமர் என்ற மேசைப் போர் விளையாட்டின் சிலைகளைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகமோ பக்கத்து ஊரான நாட்டிங்ஹாமில். அந்த இரண்டு ஊர்களும் அருகருகே அமைந்தது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

தேவையானவை

வண்ணங்களில் ஏழெட்டு போதும்: வெள்ளை, ஐவரி (தந்த வெள்ளை), பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கரும்பழுப்பு, கறுப்பு, இரவுக்கு ஒரு கருநீலம். சிட்டடெல் என்ற பிராண்டின் வண்ணங்களை வாங்குவதாக இருந்தால் ஒயிட் ஸ்கார், ஃப்ளாஷ் கிட்ஸ் எல்லோ, ட்ரோல் ஸ்லேயர் ஆரஞ்சு, மெஃபிஸ்டன் ரெட், ரைனாக்ஸ் ஹைட், அபாடன் பிளாக் என்று கேட்டு வாங்கலாம். வயேஹோவிலோ வேறு கம்பெனியிலோ இதற்குச் சமமான நிறங்கள் எல்லாமே கிடைக்கும். பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். மஞ்சள் மட்டும் கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும், ஏனென்றால் மஞ்சளுக்கு மூடும் சக்தி இயல்பாகவே குறைவு.

தூரிகையில் நல்ல நுனியுள்ள 1-ம் எண் ஒன்று, 0 ஒன்று. டிரைபிரஷுக்கு, அதாவது வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் லேசாக உரசுவதற்கு, மயிர் பரந்துபோன பழைய தூரிகை ஒன்று. ரொம்பச் சின்னத் தூரிகையைத் தேடி ஓடாதீர்கள். 000 தூரிகையில் பெயிண்ட் சிலையைத் தொடும் முன்பே காய்ந்துவிடும்.

வண்ணம் காயாமல் வைத்திருக்கும் ஈரத்தட்டான வெட் பேலட் கட்டாயம் வேண்டும். நம் ஊர் வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, நீர்த்த அக்ரிலிக் தட்டில் சில நிமிடம்கூடத் தாங்காது. ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் நனைத்த டிஷ்யூ பேப்பரை மடித்துப் போட்டு, மேலே பேக்கிங் பேப்பர் ஒன்றை விரித்தால் வெட் பேலட் தயார். கூடவே வண்ணத்தை அடி தெரியும் அளவு மெல்லிய பூச்சாக்க உதவும் கிளேஸ் மீடியம் ஒரு குப்பி இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் தண்ணீரே போதும்.

இருட்டைத் தீட்டுவது

சிலையைச் சுத்தம் செய்து, வண்ணம் ஒட்டுவதற்கான அடிப்பூச்சாகக் கறுப்பு பிரைமர் அடியுங்கள். ஸ்பிரே என்றால் திறந்த வெளியில், முகக்கவசத்தோடு. மழைக்காலத்து ஈரக்காற்றில் ஸ்பிரே பிரைமர் பொரிபொரியாகப் படியும் ஆபத்து இருக்கிறது, அப்படிப்பட்ட நாளில் தூரிகையால் பூசும் பிரைமரே மேல்.

பிரைமர் காய்ந்ததும் ஒரு சோதனை. சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன எல்.இ.டி. விளக்கை, பந்தத்தின் சுடர் இருக்கும் இடத்தில் அப்படியே பிடித்து, அறையை இருட்டாக்கி, நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புச் சிலையில் சரியாகத் தெரியவில்லை என்றால் சாம்பல் நிறத்தை லேசாக டிரைபிரஷ் செய்துவிட்டு எடுக்கலாம். எங்கே வெளிச்சம் விழுகிறது, எங்கே கை தன் நிழலை மார்பில் போடுகிறது, எங்கே ஒன்றுமே தெரியவில்லை என்பதெல்லாம் அந்தப் படங்களில் வந்துவிடும். வேலை முடியும்வரை அவற்றைப் பக்கத்தில் வைத்திருங்கள். ஊகத்தில் தீட்டுவதற்கும் இந்தப் படத்தைப் பார்த்துத் தீட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் முடித்த சிலையில் நன்றாகவே தெரியும்.

இனி அடிப்படை நிறங்கள். காவலனுக்கு நீல மேலங்கி, பழுப்புத் தோல் கச்சை, இரும்புக் கவசம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் வழக்கமாக எடுக்கும் நிறத்தைவிட இரண்டு படி இருட்டான நிறத்தை எடுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கருநீலம் கலந்துவிட்டால் சிலை முழுக்க ஒரே இரவுக்குள் வந்துவிடும். தீயின் ஆரஞ்சுக்கு நீலம் எதிர் நிறம் என்பதால், பின்னால் வரப்போகும் வெளிச்சத்துக்கு அது இன்னொரு வகையிலும் உதவும். இந்தக் கட்டத்தில் ஹைலைட் வேண்டும்தான், ஆனால் அடக்கமாக. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 10 என்றும் வைத்தால், இரவு ஹைலைட் எதுவும் 3-ஐத் தாண்டக் கூடாது. பார்க்கச் சிலை மந்தமாக, அழுது வடிகிற மாதிரித்தான் இருக்கும். இருக்கட்டும். இங்கே மனம் பொறுக்காமல் கொஞ்சம் பளிச்சென்று செய்துவிடலாமே என்று கை போகும். போக விடாதீர்கள்.

தீ

சிலையின் மற்ற இடங்களில் வெளிச்சத்தைத் தீட்டும் முன் தீயைத்தான் முடிக்க வேண்டும் என்பது என் கட்சி. மற்ற வெளிச்சத்துக்கெல்லாம் அதுதான் அளவுகோல். பந்தத்தின் பிரகாசம் எவ்வளவு என்று தெரியாமல் கன்னத்துக்கு எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது?

முதலில் தீ முழுவதற்கும் வெள்ளை. கறுப்பு பிரைமர்மேல் நேராக மஞ்சள் பூசினால் அது மூடாது, அழுக்குப் பச்சையாகவும் தெரியும். வெள்ளையையும் ஒரே பூச்சில் மூட முயன்றால் கெட்டியாகித் திட்டுத்திட்டாக நிற்கும். மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளாகப் போடுங்கள், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது.

அப்புறம் மஞ்சள். நன்றாக நீர்த்து, அடியையும் ஆழமான பள்ளங்களையும் வெள்ளையாக விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் பூசுங்கள். பள்ளத்தில் மஞ்சள் வழிந்து தேங்கினால் கவலைப்படாதீர்கள், கடைசியில் ஐவரியால் அதைத் திரும்ப எடுத்துவிடலாம்.

மஞ்சள் காய்ந்ததும் ஆரஞ்சு. தீயின் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு, மேலே உள்ள நாக்குகளின் மேடுகளில் மட்டும். தூரிகையை எப்போதும் கீழிருந்து நுனியை நோக்கி இழுங்கள். நீர்த்த வண்ணம் தூரிகையின் இழுப்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் அதிகம் படியும். ஆகவே இழுப்பு நுனியில் முடிந்தால் நிறம் தானாகவே நுனியில் அடர்ந்து, கீழே மங்கி வரும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் நிறத்தோடு நிறம் இழையும் பிளெண்டிங்கில் பாதி தானே நடந்துவிடும்.

அடுத்து சிவப்பு, மேல் மூன்றில் ஒரு பங்கில். அதற்கு மேல், நுனிகளில் மட்டும் கரும்பழுப்பு. கடைசியாக மிக மிக நுனியில் கறுப்பை டிரைபிரஷ் செய்யுங்கள். தூரிகையில் வண்ணம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் துடைத்த பிறகு, லேசாக. புகைக்கரி அது. எல்லா நுனிக்கும் வேண்டாம். சில நாக்குகள் சிவப்பிலேயே முடியட்டும், சில கறுக்கட்டும். ஒரே சீராக வரிசையாகக் கறுத்த நுனிகள் தீயைக் கொன்றுவிடும்.

மஞ்சளை இருட்டாக்கக் கறுப்பைக் கலக்காதீர்கள், ஆலிவ் பச்சையாகிவிடும். மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, ஆரஞ்சிலிருந்து சிவப்பு, சிவப்பிலிருந்து பழுப்பு என்று படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். ஆரஞ்சை வெளுப்பாக்க வெள்ளையும் கலக்காதீர்கள். அது பீச் பழ நிறமாகி, சூடெல்லாம் போய்விடும். ஆரஞ்சை வெளுப்பாக்க மஞ்சள், மஞ்சளை வெளுப்பாக்க ஐவரி. தூய வெள்ளை தீயின் வயிற்றுக்கு மட்டும்.

முடிவில் 0 எண் தூரிகையால் பள்ளங்களிலும் பந்தத்தை ஒட்டிய அடிப்பகுதியிலும் ஐவரியும் வெள்ளையும் மறுபடி வையுங்கள். இந்தக் கடைசித் தொடுப்பில்தான் தீ பற்றிக்கொள்ளும்.

நிறைய மடிப்புகளுள்ள பெரிய தீக்கு, உதாரணமாக எரியும் வண்டிக்கு, சுருக்கு வழி ஒன்று உண்டு. முழுக்க வெள்ளை, மேலே நீர்த்த மஞ்சள். பிறகு ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று வரிசையாக மேடுகளில் டிரைபிரஷ், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைந்த இடத்தில், மேலும் மேலும் நுனியை நோக்கி. பள்ளத்துக்குள் டிரைபிரஷ் போகாது என்பதால் அது தானாகவே வெளுப்பாக நின்றுவிடும். படைக்குப் படை தீட்டுகிறவர்களுக்கு இதுவே போதும்.

வெளிச்சம்

சிலையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஓர் எறும்பு உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு கேளுங்கள்: அந்த எறும்புக்குச் சுடர் தெரியுமா? தெரிந்தால் அங்கே வெளிச்சம் விழும். தெரியாவிட்டால் விழாது. எல்லாச் சந்தேகத்துக்கும் இந்தக் கேள்வியே விடை சொல்லிவிடும். காவலன் வலக்கையில் பந்தத்தைத் தலைக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான் என்றால், வலக்கன்னம், மூக்கின் வலப்பக்கம், புருவ எலும்பு, வலத்தோளின் மேற்புறம், முழங்கையின் உட்புறம் ஆகியவற்றுக்கு வெளிச்சம் உண்டு. இடக்கன்னத்துக்கு இல்லை. முகவாய்க்குக் கீழே இல்லை. தொப்பியின் விளிம்பு நெற்றிமேல் ஒரு நிழலைப் போடும். பந்தத்தைப் பிடித்த கையைப் பாருங்கள். சுடருக்கு மிக அருகில் இருப்பது அந்தக் கைதான், ஆகவே அதை ஆரஞ்சில் குளிப்பாட்டத் தோன்றும். ஆனால் பந்தத்தின் கிண்ணம் அகலமாக இருந்தால் அந்தக் கை முழுக்க நிழலில்தான் இருக்கும். விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்தது தூரம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. சுடரிலிருந்து கன்னம் 1 செ.மீ., மார்பு 2 செ.மீ., முழங்கால் 3 செ.மீ. என்றால், மார்பில் கன்னத்தின் கால்பங்குதான், முழங்காலில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. சிலை முழுக்க ஆரஞ்சைப் பரப்பும் ஆசையை இந்தக் கணக்கு அடக்கிவிடும். காவலனின் இடுப்புக்குக் கீழே வெளிச்சமே வேண்டாம் என்பது என் யோசனை. முதல் சிலைக்கு அதுவே பாதுகாப்பு.

தீயைவிட வேறெதுவும் பிரகாசமாக இருக்கக் கூடாது. தீயின் வயிறு 10 என்றால், மிக அருகிலுள்ள கன்னம் 7, தோள் 5 அல்லது 6, மார்பு 4. இரவு 3-க்குக் கீழே இருக்கிறது, நினைவிருக்கட்டும்.

சரி, தூரிகைக்கு வருவோம். ஒரு பங்கு வண்ணத்துக்கு ஐந்து ஆறு பங்கு தண்ணீரோ மீடியமோ சேர்த்து கிளேஸ் தயாரித்துக்கொள்ளுங்கள். பேப்பரில் ஒரு கோடு இழுத்தால் அடியில் உள்ள எழுத்து தெரிய வேண்டும். தூரிகையை நனைத்தபின் டிஷ்யூவில் ஒரு முறை ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் பள்ளத்தில் ஓடித் தேங்கி வட்டக் கறையாகும். முதல் கிளேஸ் சிவப்பும் கரும்பழுப்பும் கலந்தது, வெளிச்சம் எட்டும் எல்லா இடத்துக்கும். இரண்டாவது ஆரஞ்சு, அதைவிடச் சின்ன இடத்துக்கு. மூன்றாவது ஆரஞ்சும் மஞ்சளும், இன்னும் சின்ன இடத்துக்கு. இழுப்பு எப்போதும் சுடரை நோக்கி முடியட்டும். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை பூச வேண்டியிருக்கும். ஒரு பூச்சில் எதுவும் மாறியதாகவே தெரியாது. நாலாவது பூச்சில் திடீரென்று தெரியும். கடைசியில் மஞ்சளால், சுடருக்கு நேர் எதிரே உள்ள விளிம்புகளில் மட்டும், மயிரிழைபோல ஒரு கோடு.

வெளிச்சம் எந்தப் பொருள்மேல் விழுகிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். புதியவர்கள் கண்ணில் படாத நுட்பம் இது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். நீலத் துணி நீல ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். பந்தத்தின் ஒளியிலோ நீலம் மிகக் குறைவு. ஆகவே நம் காவலனின் நீல மேலங்கி பந்த வெளிச்சத்தில் பளிச்சென்று ஆரஞ்சாகாது, மங்கலான பழுப்புச் சாம்பலாகும். நீலத்தின்மேல் மெல்லிய ஆரஞ்சு கிளேஸ் போட்டால் அந்த நிறம் தானாகவே வந்துவிடும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மடிப்புகளின் விளிம்பில் மட்டும் கொஞ்சம் அழுத்தமான ஆரஞ்சு போதும். அதுவே சிவப்புத் துணியாக இருந்தால் கொழுந்துவிட்டு எரிகிற மாதிரி ஒளிரும். வெள்ளைத் துணி ஒளியின் நிறத்தை அப்படியே வாங்கி இளமஞ்சளாகும். பச்சை, ஆலிவ் பக்கம் சாயும். கறுப்புத் தோல் பெரும்பாலும் கறுப்பாகவே இருந்து, விளிம்பில் மட்டும் கருஞ்செம்பாக மின்னும்.

இரும்புக் கவசத்தின் கதை வேறு. உலோகம் வெளிச்சத்தைப் பரப்பாது, கண்ணாடியைப் போலச் சுடரையே பிரதிபலிக்கும். ஆகவே பரந்த ஆரஞ்சுக்குப் பதில், வளைவின் ஒரே இடத்தில் ஒரு சின்னக் கூர்மையான புள்ளி, கிட்டத்தட்ட தீயின் நிறத்திலேயே, அதைச் சுற்றிக் கொஞ்சம் ஆரஞ்சு. மெட்டாலிக் வண்ணம் உபயோகித்தால் அது உங்கள் மேசைவிளக்கையும் பிரதிபலித்து நீங்கள் உருவாக்கிய இரவைக் கெடுக்கும். முதலில் கறுப்பு வாஷ் கொடுத்து நன்றாக அடக்கிவிடுங்கள். பிறகு சுடர்ப்பக்கம் மட்டும் ஆரஞ்சு வாஷும், விளிம்பில் ஒரு துளி தங்க மெட்டாலிக்கும். வெள்ளிக் கவசம் அங்கே பொன்னாகத் தெரிவது அழகாகவே இருக்கும்.

முகத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள், பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். இருட்டுப் பக்கத்துக்குக் கரும்பழுப்பும் நீலமும் கலந்த தோல்நிறம். சுடர்ப்பக்கத்தில் தோல்நிறத்தோடு ஆரஞ்சு, அதன்மேல் கன்ன எலும்பிலும் மூக்கின் பக்கத்திலும் மஞ்சளும் ஐவரியும் கலந்த ஒரு தொடுப்பு. இரண்டு பக்கமும் சந்திக்கும் கோட்டில் மெல்லிய சிவப்பு கிளேஸ் ஒன்று ஓட்டுங்கள். காதுமடல், விரலோரம் மாதிரி மெல்லிய இடங்களிலும் அதே சிவப்பு. த லா தூரின் சிறுவன் விரல்களில் தெரிவது இந்தச் சிவப்புதான். ஒளி சதைக்குள் புகுந்து வெளியே வரும்போது இப்படிச் சிவந்துதான் வரும்.

சரிபார்ப்பதும் திருத்துவதும்

கை நீட்டிய தூரத்தில் சிலையைப் பிடித்துப் படம் எடுத்து, போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறமெல்லாம் போன பிறகும் சுடர்தான் முதலில் கண்ணில் படுகிறதா? பட்டால் வேலை சரி. கன்னமோ வாளோ சுடரோடு போட்டி போட்டால் அதைக் கீழே இறக்குங்கள்.

வெளிச்சம் ரொம்பப் பரவிவிட்டது என்றால் அழித்துத் தொடங்க வேண்டியதில்லை. இரவுக்கு வைத்த கருநீலத்தை கிளேஸாக நீர்த்து, ஓரங்களிலிருந்து உள்ளே வந்து வெளிச்சத்தை வெட்டுங்கள். இது திருத்தம் மட்டுமல்ல, நல்ல உத்தியும்கூட. வெளிச்சத்தின் எல்லை கூர்மையாவதால் நிழல் நிழலாகவே தெரியும். ஆரஞ்சு சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறி நின்றால், ஆரஞ்சு இங்க் ஒரு துளியை நிறையத் தண்ணீரில் கலந்து மேலே ஓட்டினால் சூடு திரும்பும்.

ஃப்ளூரசன்ட் வண்ணம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். புற ஊதா ஒளியை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிவிடுவதால் அது உண்மையிலேயே மற்ற வண்ணங்களைவிடப் பளிச்சென்று இருக்கும். வெளுத்த, பளிச்சென்ற நிறங்களின்மேல்தான் நன்றாக வேலை செய்யும், இருட்டின்மேல் போட்டால் காணாமல் போகும். தீயின் ஆரஞ்சுப் பகுதியில் ஒரு மெல்லிய பூச்சாகப் போடுங்கள், உடம்பில் விழும் வெளிச்சத்துக்கு வேண்டாம். வெயில் பட்டால் சீக்கிரம் மங்கிவிடும் நிறம் அது, ஆகவே ஜன்னலோர அலமாரியில் வைக்காதீர்கள்.

ஏர்பிரஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுடர் இருக்கும் திசையிலிருந்தே, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், நீர்த்த ஆரஞ்சை ஊதினால் வெளிச்சம் விழும் இடங்களில் மட்டும் வண்ணம் விழும். எறும்புக் கேள்விக்கு ஏர்பிரஷே பதில் சொல்லிவிடுகிறது. ஆனால் மூடுபனிபோல எல்லா இடத்திலும் பரவும் வெளிச்சமும் இதில்தான் சுலபமாக வந்து சேரும். ஊதிய பிறகு நிழல்களைத் தூரிகையால் மறுபடி எடுத்தே ஆக வேண்டும்.

சிலை நிற்கும் அடித்தட்டான பேஸை மறந்துவிடாதீர்கள். பந்தம் வலப்பக்கம் உயரத்தில் இருக்கிறது, ஆகவே காவலனின் நிழல் இடப்பக்கம் தரையில் நீண்டு விழும். அந்த நிழல் விழும் மண்ணைக் கருநீல வாஷால் இருட்டாக்குங்கள். வலப்பக்கத்துக் கற்களின் மேல்விளிம்பில் மட்டும் மிக மங்கலாக ஆரஞ்சு.

எல்லாம் காய்ந்ததும், மறுநாள், பளபளக்காத காப்புப் பூச்சான மேட் வார்னிஷ். பளபளப்பான வார்னிஷ் அறைவிளக்கைப் பிரதிபலித்து இரவைக் குலைத்துவிடும். சில மேட் வார்னிஷ்கள் கறுப்பைக் கொஞ்சம் சாம்பலாக்கும். அப்படி ஆனால் ஆழமான நிழல்களில் மட்டும் கறுப்பை ஒரு முறை தொட்டுவிடுங்கள்.

காவலன் முடிந்ததும் அடுத்ததாகத் தரையில் எரியும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைத் தீட்டிப் பாருங்கள். வெளிச்சம் கீழிருந்து வருவதால் முகத்தில் எல்லாம் மாறும்: முகவாயின் அடி, மூக்கின் அடி, புருவத்தின் அடி ஒளிரும், கன்ன எலும்பின் மேற்புறமும் நெற்றியும் இருட்டும். கணப்பின் கரிக்கட்டைகளுக்கு முழுக்க வெள்ளையும் மஞ்சளும் கொடுத்துவிட்டு, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று மேல்முகங்களில் டிரைபிரஷ் செய்யுங்கள். விரிசல்களில் கனல் நிற்கும். கடைசியாகக் கட்டைகளின் மேல் வெளிர்சாம்பல் நிறத்தை ஒரே ஒரு முறை, பட்டும் படாமலும் இழுத்தால் நீறு பூத்த கங்கு கிடைத்துவிடும்.